பன்னிரண்டு டிகிரி

பாம்டேல், கலிபோர்னியா
அக்டோபர் 9, 1968

டெல்பர்ட்டுக்கு, லைலின் அம்மா வெர்னா எழுதுவது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஆரிகனில் இப்போதே குளிர் தொடங்கிவிட்டது என்று உன் அக்கா ஜூன் சொன்னாள். மரம் அறுக்கும் ஆலையில் கையுறை போட்டுக்கொண்டுதானே வேலை செய்கிறாய்? உன் விலாசத்தை எனக்குக் கொடுக்க அவளுக்கு மனசே இல்லை. அதற்காக அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான் ஆறாவதோடு படிப்பை விட்டவள், எழுத்து அப்படித்தான் இருக்கும். பொறுமையாகப் படி. என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே.

இங்கே காற்று நிற்கவில்லை. சலவைக்கடையில் முன்போலத்தான் வேலை. உன் நாய் பின்வீட்டுக்காரரிடம் நன்றாகத் தின்று கொழுத்துவிட்டது.

போன சனிக்கிழமை ஹேட்சர் என்பவர் வந்தார். காய்ந்த ஏரித் தரையில் இருபது வருடமாகப் பந்தய வண்டி ஓட்டுகிறவர். லைலின் ரோட்ஸ்டர் வண்டியில் ஏதாவது சாமான் தனக்கு உதவுமா என்று பார்க்க வேண்டும் என்றார். ஏழு மாதமாக அந்த வண்டியை மூடியிருக்கும் தார்ப்பாயை நான் தூக்கியதே இல்லை. அன்றைக்கு அவர்தான் தூக்கினார். நான் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என்ஜின் முழுச் சுற்று சுற்றவில்லை. உள்ளே வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்திருக்கிறது, அதனால்தான் ஓடும்போதே இறுகிப்போய் வண்டி கவிழ்ந்திருக்கிறது என்றார். பிறகு, "வால்வுங்களை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் செயின் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு இப்பவும் பாக்கலாம் மேடம், கொஞ்சம் ஆடினாப் போதும். ஆனா ரெண்டு பேரு வேணும்" என்றார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே அந்தச் செயினோடு சேர்ந்து சுழலும் ரோட்டர் என்ற சின்னத் துண்டை என்னைப் பார்க்கச் சொன்னார். அவர் கீழே ஸ்பேனர் போட்டு, முதலில் ஒரு பக்கமாகத் திருப்பித் தொய்வை எடுத்தார். பிறகு மெல்ல மெல்ல எதிர்ப்பக்கம் திருப்பினார். "ரோட்டர் அசையுறப்போ கத்துங்க, அதுக்கு முன்னாடி கத்தாதீங்க" என்றார். அவர் திருப்பிக்கொண்டே போகிறார், ரோட்டர் சும்மா இருக்கிறது. கடைசியில்தான் அது அசைந்தது. கத்தினேன்.

ரோட்டர் அசையும்வரை திருப்பியது பன்னிரண்டு டிகிரி, அவ்வளவும் செயினின் தொய்வு என்றார். ஐந்தாறு போனாலே மாற்றிவிட வேண்டுமாம். இந்தச் செயின் சக்கரத்தின் பல்லைத் தாண்டிக் குதித்திருக்கிறதாம். என் மகனின் சிநேகிதன் நாலு டிகிரிதான் என்று சொன்னானே என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படிச் சொன்னவன் குருடனா இருக்கணும், இல்லேன்னா பொய் சொல்லியிருக்கணும்" என்றார்.

சொல்லிக்கொண்டே, என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகரத்தைத் துணியால் துடைத்தார். நீங்கள் எல்லோரும் அளவை அங்கேதானே எழுதுவீர்கள்? காகிதம் தொலைந்துபோகும், தகரம் தொலையாது என்று லைல் சொல்வான். மஞ்சள் மெழுகுப் பென்சிலில் உன் கையெழுத்து தெரிந்தது. "12. ஓட்டாதே. செயினை மாத்து. டெல்." அதற்குக் கீழே, பயந்தாங்கொள்ளிப் பாட்டி என்று உன்னைக் கேலி செய்யும் என் பிள்ளையின் கோணல் எழுத்து. "ஞாயித்துக்கிழமை முடியட்டும் பாட்டி, புலம்பாதே!"

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஹேட்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எந்தச் சாமானையும் எடுத்துக்கொள்ளவில்லை.

டெல்பர்ட், அடக்கம் செய்த அன்று நீ என் முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாயே. "நான்தான் செயினைப் பாத்தேன் மேடம். நாலு டிகிரிதான், ஓட்டலாம்னு நான்தான் சொன்னேன். அவன் மேல தப்பில்ல" என்றாயே. நான் என்ன சொன்னேன் என்று உனக்கும் தெரியும், கேட்டுக்கொண்டு நின்றவர்களுக்கும் தெரியும். என் படியை மிதிக்காதே என்றேன். அவன் போன இடத்துக்கு நீ போயிருக்க வேண்டும் என்றேன். அதையும் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டு போனாய். என் பிள்ளை சொல்பேச்சுக் கேட்காமல் செத்தான் என்று எனக்குத் தெரியக்கூடாது, அதற்குத்தானே அந்தப் பொய்?

எனக்கு அவன் மேல் கோபம் வருகிறது. செத்த பிள்ளை மேல் கோபப்படலாமா என்று தெரியவில்லை. கடையில் சட்டை துவைக்கும்போது அவனை வைகிறேன், மடிக்கும்போது அழுகிறேன்.

சலவைக்கடையிலும் சர்ச்சிலும் உன்னைக் கொலைகாரன் என்று சொன்னது நான். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரார்த்தனை முடிந்ததும் எழுந்து நின்று, தகரத்தில் இருந்த இரண்டு வரியையும் எல்லோருக்கும் சொன்னேன். லைலின் வரியையும் சேர்த்துத்தான் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் முழுக்கச் சொன்னேன். பேக்கர் வீட்டம்மா, "பெத்த பிள்ளையையே இப்படிச் சொல்லலாமா வெர்னா?" என்றாள். பெற்றவள் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

நீ இப்போது ஸ்பேனரைத் தொடுவதே இல்லை, ஆலைக்குக்கூட நடந்துதான் போகிறாய் என்று ஜூன் சொன்னாள். அது நான் செய்த வேலை. உன் கையில் குறை இல்லை, நீ சரியாகத்தான் அளந்தாய். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதித் தருவேன்.

அடுத்த மாதம் நன்றி நாள் விருந்துக்கு ஊருக்கு வா. உன் அக்கா வீட்டுக்கு வந்தாலும் சரி, நேரே என் வீட்டுக்கு வந்தால் இன்னும் சந்தோஷம். மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம், அதெல்லாம் சாப்பிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடவுள் உன்னையும் உன் கைகளையும் காப்பாற்றட்டும்.

அவன் நீ சொன்னதைக் கேட்கவில்லை. நீயாவது நான் சொல்வதைக் கேட்டு வந்துவிடப்பா.

வாசலைப் பார்த்திருக்கும்,
வெர்னா ஸ்டாடர்ட்