மண்புழு திரும்பி வந்த வருஷம்

என் தங்கச்சிக்கு,

பதினோரு வருஷம் கழித்து எழுதுவதால் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதே.

மண்ணையும் அதில் பாடுபடுகிறவர்களையும் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி, நோட்டும் கையுமாக நம் வயலுக்கு வந்திருக்கிறாள்.

"மண்புழு எப்ப பாட்டி காணாமப் போச்சு?" என்றாள்.

"என் தையல் மிஷினை வாங்கிட்டுப் போன தங்கச்சி, அதைத் திருப்பித் தராத வருஷம்."

"தவளைச் சத்தம் நின்னது?"

"எனக்கு ஆபரேஷன் ஆனப்போ அவ எட்டிக்கூடப் பார்க்கல. அந்த மழையிலதான்."

நான் சொன்ன வருஷங்களை விவசாய ஆபீஸ் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தாளாம், ஒன்றுகூடத் தப்பில்லையாம். "சரி, கடைசிப் பதினோரு வருஷம்?" என்றாள். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை. வரப்புச் சண்டைக்குப் பிறகு நீ வரவே இல்லையே, எதை வைத்து நினைவு வைப்பேன்?

உரமூட்டை வாங்குவதை நிறுத்திவிட்டுத் தழையும் சாணமும்தான் போட்டு வருகிறேன். நேற்று கீழ்வயலில் ஒரு வெட்டு வெட்டினேன். ஏழு மண்புழு, கொழுகொழுவென்று. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வயல்காரன், பாம்பாக்கும் என்று தடியோடு ஓடி வந்தான். இரண்டு பேரும் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்தப் பெண் தேதி போட்டு எழுதிக்கொண்டாள். அவள் நோட்டில் மட்டும் இருந்தால் எனக்கு என்ன லாபம்? இந்த வருஷம் என் மனசில் நிற்க வேண்டும். உடனே பஸ் ஏறி வா. வந்து என்னோடு நன்றாக ஒரு சண்டை போடு.

உன்னை இன்னும் மன்னிக்காத,
அக்கா