சத்தமில்லாத இடைவேளை

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், இல்லையென்றால் மறைக்காமல் சொல். போனில் தங்கச்சியைப் பற்றி நீ கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கா என்று முடித்துவிடுகிறேன், அவள் பக்கத்திலேயே நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அதற்குமேல் என்ன பேசுவது.

காய்ச்சலில் அவளுக்குக் காது போனதும், ரேங்குக்குப் பேர்போன அந்தப் பெரிய பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கைவிரித்துவிட்டார்கள். "எங்க ரிசல்ட்டையும் பாக்கணும் இல்லையாம்மா" என்று பிரின்சிபால் தன்மையாகத்தான் சொன்னார். வேறு வழியில்லாமல் பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தோம். அதன் பேர்தான் உனக்குத் தெரியுமே, அடிதடி ஸ்கூல் என்று சொல்லித்தான் கண்டக்டரே ஆளை இறக்கிவிடுவார். அவள் வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அந்த நாட்களில் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருத்தர் லென்ஸை இன்னொருத்தர் பிரேமில் மாட்டிக்கொடுத்துவிடுவார்.

அவளுக்குச் சைகை மொழி சொல்லித்தர ஒரு டீச்சர் வந்துபோனார். கடைசி பெஞ்சில் தாடிக்காரன் என்று ஒரு முரடன், பிஞ்சிலேயே மீசை தாடி முளைத்தவன், அதை ஓரக்கண்ணால் பார்த்தே பிடித்துக்கொண்டானாம். வாத்தியாருக்குக் கேட்காமல் வகுப்பிலேயே அரட்டை அடிக்கலாம் என்று அவனுக்குக் கணக்கு. அவன் பெஞ்சு முழுக்கக் கற்றுக்கொண்டது, எதிர்க்கோஷ்டி சும்மா இருக்குமா, நம்மைத்தான் திட்டுகிறார்கள் என்று அவர்களும் கற்றுக்கொண்டார்கள். கடைசியில் கணக்கு வாத்தியாரே சின்னவளிடம், எனக்கும் சொல்லிக்குடும்மா என்று சீட்டில் எழுதி நீட்டியிருக்கிறார். கை நிறையப் பேச்சு இருக்கும்போது ஓங்குவதற்குக் கை ஏது, அடிதடி தானாகவே குறைந்துவிட்டது.

போன வாரம் அவள் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனேன். மத்தியான இடைவேளை, ஆனால் ஒரு சத்தமில்லை, லீவு விட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். கேட்டுக்குள் எட்டிப் பார்த்தால் மைதானம் முழுக்கப் பிள்ளைகள். சாப்பாட்டு வேளையில் வாயைத் திறக்கக் கூடாது என்று அவர்களாகவே வைத்துக்கொண்ட விளையாட்டாம். மர நிழலில், மாடிப்படியில், குழாயடியில், எங்கும் கைகள் எழும்பி எழும்பி அடங்கின. இலை அசைவதும் தண்ணீர் சொட்டுவதும் மட்டும் கேட்டது. விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்றே தெரியாமல் நின்றேன். நடுவில் நம் சின்னவள், தாடிக்காரனைப் பார்த்துக் கையை வீசி ஏதோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாட்ச்மேனிடம் கேட்டேன். "கையில பேசினாலும் உனக்கு நாக்கு கொழறுதுடான்னு சொல்லுதும்மா" என்றார். என் பிள்ளை பேசுவதை எனக்கு இன்னொருத்தர் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சிரிப்பு. அங்கே காது கேட்காதவள் நான்தான்.

இப்போது வெளியூர்க்காரர்கள் அப்பா கடையில் வந்து, கை பேசுற ஸ்கூலுக்கு எப்படிப் போறது என்று வழி கேட்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பெற்றவர்களுக்கும் வகுப்பு உண்டு, நானும் அப்பாவும் போகிறோம், அப்பா பக்கத்து ஆளைப் பார்த்துக் காப்பியடிக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள், எடுத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, நீயும் கொஞ்சம் கற்றுக்கொள். அடுத்த முறை வீடியோவில் கூப்பிடும்போது போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் அடுக்களைக்குப் போய்விடுவேன். தப்பும் தவறுமாகச் சொன்னாலும் பரவாயில்லை, உன்னையும் கேலி செய்யட்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா