கங்குவுக்கு விழவேண்டிய அடி

ஜூன் 4, திங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம்தானே? நலமில்லாவிட்டாலும் நீ வாய் திறக்கப்போவதில்லை, அதனால் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். பாப்பா பன்னிரண்டு வயதிலேயே என்னைவிட அரை அங்குலம் உயர்ந்துவிட்டாள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பக்கத்தில் நின்று காட்டி வெறுப்பேற்றுகிறாள். உன் மாமா வழக்கம்போல. ஊரில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் மாட்டிக்கொண்டாலும் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். கிரீஸ் கையோடு கதவைத் தொடாதீர்கள் என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போய்விட்டது.

நேற்று, மாதத்தின் முதல் ஞாயிறு, ஆளுக்கொரு பாத்திரமாக நாம் ஆடும் கதை ஆட்டம் நடந்தது. மருந்துக்கடைக்காரி உன் கடிதத்தை மேசையில் எல்லோருக்கும் வாசித்துவிட்டு, உனக்காகப் பகடை உருட்டினாள். நீ எழுதியிருந்தபடியே உன் டிராகன் கங்கு பாலத்துக்கு அடியில் நீந்திப் போனது. டிரைவிங் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "டிராகனுக்கு எதுக்குங்க நீச்சல்? பறந்து போக வேண்டியதுதானே?" என்றார். "ஏழாம் படிக்கு வளர்ற வரைக்கும் இருபது அடிக்கு மேல பறக்கக் கூடாது. சட்டம் மறந்துபோச்சா?" என்று அவள் சட்டத் தாளைத் தூக்கி அவர் மூக்குக்கு நேரே ஆட்டினாள். ஒரே சிரிப்பு.

அந்தச் சட்டத்தை எழுதிய உன் மாமா மட்டும் அடுத்த அறையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். நாலு வருஷமாகிவிட்டது. ஆட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மேசைப் பக்கம் அவர் தலை வைத்துப் படுப்பதில்லை. நீயும் ஊரை மாற்றிக்கொண்டு போன நாளிலிருந்து அவரைப் பற்றி ஒரு வரி கேட்பதில்லை. இரண்டு பேரும் நன்றாக இருங்கள். நடுவில் நான் ஒருத்தி.

இத்துடன் நேற்றைய ஆட்டக் குறிப்பு நோட்டை வைத்திருக்கிறேன். கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது, கிடைத்த உறையில் திணிக்கிறேன். எக்ஸ்ரே அறையே கதி என்று கிடந்து வயிற்றைக் காயப்போடாதே.

என்றும் அன்புடன்,
அக்கா

———

ஜூன் 9, சனி

அக்கா,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை.

நீ அனுப்பியது ஆட்டக் குறிப்பு நோட்டு இல்லை. அதே நீல அட்டை, அதே கடை. ஆனால் இது நீ அட்டைத் தடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, நாங்கள் எட்டிப் பார்த்தால் கையால் மூடுகிற நோட்டு. இரண்டு பக்கம் புரட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்போதே மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. முழுவதும் படித்தேன்.

ஆட்டத்தை நடத்துகிறவள் நீ. எங்கள் இருபது முகப் பகடையை நாங்கள் மேசை நடுவில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் உருட்டுகிறோம். எதிரிகளுக்கெல்லாம் நீ தடுப்புக்குப் பின்னால் உருட்டுகிறாய்; எண் பெரிதாக விழுந்தால் எங்களுக்கு அடி. அங்கே என்ன விழுந்தது என்பதற்கு உன் வாய்ச்சொல் ஒன்றுதான் எங்களுக்குச் சாட்சி. பத்து வருஷமாக அதை நம்பித்தான் உட்கார்ந்திருந்தோம். சிவப்புப் பேனாவில் நீ எழுதியிருப்பதைப் பார் அக்கா. "விழுந்தது 17, சொன்னது 6. தம்பிக்கு வேலை போன வாரம்." "விழுந்தது 19, சொன்னது 8. தம்பி முகம் சரியில்லை." பக்கத்துக்குப் பக்கம் நான். எல்லாமே கங்குவின் மேல் விழவேண்டிய அடிகள்.

அந்த டிராகனை எப்படி உண்டாக்கினோம் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? டிராகனாக ஆடுவேன் என்று நான் அடம்பிடித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். மேசையில் ஒருத்தன் டிராகன் என்றால் மற்றவர்கள் கைகட்டி வேடிக்கை பார்க்க வேண்டியதுதான் என்றார்கள். மாமா ஒருத்தர்தான் பேப்பரும் பென்சிலும் எடுத்தார். லிஃப்டுக்கு எத்தனை ஆள், எத்தனை கிலோ என்று எழுதி ஒட்டுவது மாதிரி மூன்று மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கன்றுக்குட்டி அளவுதான் உடம்பு. நாளுக்கு ஒரு தரம்தான் நெருப்பு. நெருப்பு விட்டால் உடம்பு குளிர்ந்து இரண்டு சுற்று அசையாமல் நிற்கும், அந்த நேரம் மற்றவர்கள்தான் அதைக் காக்க வேண்டும். "பலசாலியா இருக்கட்டும்டா, தப்பில்ல. ஆனா அதுக்கும் எங்க எல்லாரோட தயவும் வேணும்" என்றார். சரிசமமான டிராகன் என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

இப்போது அந்தக் கோபுரச் சண்டைப் பக்கத்துக்கு வருகிறேன். கங்கு நெருப்பு விட்டுக் குளிர்ந்து நிற்கிறது. இரும்பு அரக்கன் கோடரியை ஓங்குகிறான். தவறிவிட்டது என்று நீ சொன்னாய். கோடரி கங்குவைத் தாண்டிப் போய்ப் பூட்டுத் திருடன் மேல் விழுந்தது என்றாய். ஆறு வருஷமாக மாமா வளர்த்த திருடன் அந்த அடியில் செத்தான். "தடுப்பை எடு, நான் பகடையைப் பார்க்கணும்" என்று மாமா கேட்டார். நீ பகடையை வாரி மடியில் போட்டுக்கொண்டு, பாப்பா மேல் சத்தியம் பண்ணினாய். நான் என்ன செய்தேன்? எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "விளையாட்டுல தோத்ததுக்குக் கட்டின பொண்டாட்டியையே பொய்க்காரின்றீங்களே, நீங்கெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கத்தினேன். அவர் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

உன் கையெழுத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். "விழுந்தது 18. கங்குவுக்குச் சாவு. இன்று காலைதான் தம்பிக்கு விவாகரத்துத் தீர்ப்பு, இன்னும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. இன்று கங்கு சாகக் கூடாது. ஏற்கனவே நிறையத் தவறிவிட்டது, சந்தேகம் வராமலிருக்க அடி யார் மேலாவது விழுந்தாக வேண்டும். அவருக்கு விழட்டும். அவர் தாங்குவார்."

அடிப்பாவி. தினமும் கோர்ட்டில் உட்கார்ந்து அடுத்தவர் சத்தியத்தைத் தட்டச்சு செய்கிறவள் நீ.

தம்பி

———

ஜூன் 13, புதன்

தம்பிக்கு,

உன் கடிதத்தை கோர்ட் வராந்தாவில் நின்று பிரித்தேன். உள்ளே போய் உட்கார்ந்து, சாட்சி பெயர் இருக்கவேண்டிய இடத்தில் குற்றவாளி பெயரைத் தட்டிவிட்டேன். பத்து வருஷத்தில் முதல் முறையாக நீதிபதி என்னை நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்கு வந்து அலமாரியைத் துழாவினால், ஆட்டக் குறிப்பு நோட்டு சாதுவாக அங்கேயே இருக்கிறது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

சரி, படித்துவிட்டாய். இப்போது நான் சொல்வதையும் படி. அன்று நீ இருந்த இருப்பு உனக்குத் தெரியாது. தாடியும் அழுக்குச் சட்டையுமாக வந்தாய். கங்குவின் தாளை மட்டும் மடிப்புக் கலையாமல் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாய். அந்தத் தாளையும் நான் கிழிக்க வேண்டுமா? என்னால் முடியவில்லை. பெற்றவர்கள் போன பிறகு உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான்.

சத்தியம் பண்ணியது தப்பு. வாயிலிருந்து வந்துவிட்டது, வந்த பிறகு விழுங்க வழியில்லை. அன்று ராத்திரியே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் ஒன்றுமே கேட்காமல் படுத்துக்கொண்டார். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். நாலு வருஷம் ஓடிவிட்டது.

அவர் இப்போது நிம்மதியாக இருக்கிறார். வேலை, வீடு, பாப்பாவின் பாடம். ஆறின புண்ணை எதற்குக் கிளற வேண்டும்? என் சம்சாரத்தில் நெருப்பு வைக்காதே. அந்த நோட்டை எரித்துவிடு. அக்கா உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

அக்கா

———

ஜூன் 18, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நோட்டை எரிக்கவில்லை. இத்துடன் பதிவுத் தபாலில் உன் பெயருக்கே திருப்பி அனுப்புகிறேன். மாமா பெயருக்கு அனுப்ப ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. செய்யவில்லை. உன் வாயால்தான் அவர் கேட்க வேண்டும்.

நீ எனக்காகச் செய்தாய், தெரியும். நான்கு நாள் யோசித்தேன், அழவும் செய்தேன். எனக்கு நீ எவ்வளவு செய்திருக்கிறாய் என்பதையும் மறக்கவில்லை. ஆனால் அக்கா, அவர் நிம்மதியாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. பகடையைக் காட்டச் சொன்னதற்குப் பெண்டாட்டியையே சந்தேகிக்கிறவர் என்று பெயர் வாங்கிக்கொண்டு, நாலு வருஷமாக அடுத்த அறையில் நம் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பெயர் நிம்மதியா?

எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு சும்மா இருந்தால் நானும் சேர்ந்து பொய் சொல்கிற மாதிரி. ஜூலை ஆட்டத்துக்குள் நீ சொல்லாவிட்டால், நான் லீவு போட்டுவிட்டு வந்து அவர் காலில் விழுந்து சொல்வேன். நான் கத்தியதற்கு மன்னிப்பு எப்படியும் கேட்டாக வேண்டும், அது என் கணக்கு.

ஜூலைக்கு என் ஆட்டம்: பாலத்துக்கு அடியில் இருக்கும் ஆற்று மிருகங்களைக் கங்கு நெருப்பால் தாக்கும். ஒன்றே ஒன்று. தடுப்பை எடுத்துவிட்டு உருட்டு.

உன் தம்பி

———

ஜூலை 2, திங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

சொல்லிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை, பாப்பா பள்ளிக்கூடம் போன பிறகு, வேலைக்குக் கிளம்ப ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துவிட்டது. நோட்டை விரித்து அவர் மடியில் வைத்துவிட்டு நின்றேன். கத்துவார், நோட்டைத் தூக்கி எறிவார் என்று சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு காலில் ஷூவோடு அப்படியே படித்தார். கடைசி வரியில் விரலை வைத்து, "அவர் தாங்குவார்" என்று சத்தமாக வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "தாங்கினேன் இல்ல?" என்றார்.

அவர் மற்றொரு ஷூவையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அன்று மாலையிலிருந்து கேள்விகள். பாத்திரம் கழுவும்போது ஒன்று, துணி மடிக்கும்போது ஒன்று. "போன வருஷம் ஆபீஸ்ல ஆடிட்னு லேட்டா வந்தியே, நிஜமா?" நிஜம். "என் தங்கச்சி வந்தப்ப உனக்குத் தலைவலின்னியே?" பொய். "நான் சமைச்சா நல்லாருக்கும்பியே?" அதுவும் பொய் என்றேன். அதற்கு மட்டும் அவர் உதடு லேசாக அசைந்தது. ஒரு பொய்யால் பதினான்கு வருஷ வாழ்க்கையையும் உரசிப் பார்க்க வேண்டியதாகிவிட்டதே என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. ஆனாலும் கேட்டதற்கெல்லாம் உண்மையே சொன்னேன். சனிக்கிழமை கடைசியாகக் கேட்டார்: "உன் தம்பிக்கும் எனக்கும் நடுவுல ஒரு அடி விழுந்தாகணும்னா, எப்பவும் எனக்குத்தானா?" நான் சொன்னேன், "அன்னைக்கு ஆமாங்க. இன்னைக்குக் கேட்டா எனக்குத் தெரியலை." தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

நேற்று ஆட்டம். எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் நடந்ததைச் சொன்னேன். மருந்துக்கடைக்காரி வாயில் கை வைத்துக்கொண்டாள். டிரைவிங் மாஸ்டர், "நாமளும் அன்னைக்கு அவரை ஒரு மாதிரியா பார்த்தோமேம்மா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். தடுப்பை மடக்கிக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

கங்கு நெருப்பு விட்டது. இரண்டு மிருகம் பொசுங்கின. மூன்றாவது தப்பித்துக்கொண்டது. கங்கு குளிர்ந்து நிற்கிறது. மாஸ்டர் பாலத்திலிருந்து குதித்து வாளை வீசினார், படவில்லை. மருந்துக்கடைக்காரி ஓடி வந்தாள், எட்டவில்லை. நான் மிருகத்துக்காக மேசை நடுவில் பகடையை உருட்டினேன். இருபது.

நாலு வருஷத்துக்கு முன்னால் யாரும் பார்க்காமல் நடந்தது, இப்போது எல்லோர் கண்ணுக்கும் முன்னால்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "பகடை ஓரத்துல சாஞ்சிருக்கு. செல்லாது. மறுபடி போடு."

திரும்பிப் பார்த்தால் உன் மாமா, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பகடை சாயவே இல்லை தம்பி. மேசை நடுவில் அப்பழுக்கில்லாமல் படுத்துக் கிடந்தது. எல்லோருக்கும் தெரிந்தது. மாஸ்டர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். வாழ்நாளில் ஒரு பொய் சொல்லாத மனுஷன், உனக்காக, அத்தனை பேர் முன்னால். கையை நீட்டி எடுத்து மறுபடி உருட்டியிருந்தால் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

"சாயலைங்க," என்றேன். "இருபதுதான்."

அவர் கதவு நிலையை விட்டார். பிறகு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு மேசையில் உட்கார்ந்தார்.

உன் டிராகன் செத்துவிட்டது தம்பி. நான்தான் கொன்றேன். அவர் என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. பேசுவாரா, எப்போது பேசுவார், எனக்குத் தெரியாது. உனக்கு மட்டும் ஒரு செய்தி சொல்லச் சொன்னார்: ஆகஸ்டுக்குப் புது ஆள் ஒன்றை எழுதி அனுப்பச் சொன்னார், டிராகனானாலும் சரிதானாம். கடிதத்தை இனிமேல் அவர் பெயருக்குப் போடு. உன் பகடையை அவரே உருட்டுகிறாராம்.

அக்கா