கழுவிய குழாய்

அக்டோபர் 14, செவ்வாய்

காலை பத்து மணிக்கு செங்கேணியை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். ஏரியோரக் கழனியில் களை எடுக்கும்போது பாம்புக்கடி. என்ன பாம்பு என்று பார்த்தவர் இல்லை. வீக்கம் இல்லை, ஈறில் ரத்தம் இல்லை, கண்ணிமை சரியவில்லை. கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்தேன். உறைந்தால் காத்திருக்கலாம். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது. சாய்த்தேன் — தண்ணீராக ஓடியது. விஷமுறிவு மருந்தை ஏற்றினேன்.

ஐந்தாவது நிமிடம் உடம்பெல்லாம் தடிப்பு. மூச்சு இழுத்தது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. மருந்தை நிறுத்தி அட்ரினலின் போட்டேன். அவர் கணவர் முனியன் வாசலில் கத்தினார்: "பாம்பு இன்னாவும் பண்ல! இவங்க ஊசிதான் கொல்லுது!"

மூச்சு சீரானதும் அதே மருந்தை மெல்ல மறுபடி ஏற்றினேன். பிழைத்துவிட்டார். சோதனை சொன்னதைத்தானே செய்தேன்?

அக்டோபர் 15

மருந்துக்கு முன் எடுத்துக் காஞ்சிபுரம் ஆய்வகத்துக்கு அனுப்பிய ரத்தத்தின் முடிவு வந்தது. எல்லாம் இயல்பு. விஷமே ஏறவில்லை. அப்படியானால் என் குழாயில் ஏன் உறையவில்லை?

அக்டோபர் 16

வார்டைச் சுத்தம் செய்யும் கோவிந்தம்மாள் பின்பக்கத் தொட்டியருகே உட்கார்ந்து சோப்புத்தூளில் அந்தக் குழாய்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பாரு டாக்டரம்மா, எப்டி பளபளன்னு கீது! தூக்கிப் போட மனசு வர்ல. மூணு வாட்டி கய்வி, வெயில்ல காய வெச்சி, திரும்ப பெட்டியிலயே வெச்சிடுவேன்."

என் ரத்தத்தையே எடுத்தேன். பாதி புதுக் குழாயில், பாதி அவர் கழுவியதில். இருபது நிமிடம். புதியதில் உறைந்தது. கழுவியதில் ஓடியது. சோப்பின் மிச்சம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

'புதிய, சுத்தமான, உலர்ந்த குழாய்' — எத்தனை தடவை படித்திருப்பேன். என் கைக்கு வரும் குழாய் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளாவது கேட்டேனா?

அக்டோபர் 17

செங்கேணியிடம் சொல்வதா? நர்ஸ் ஷீபா, "வேணாம் மேடம், பேஜாரா பூடும்" என்றார்.

சொன்னேன். முனியன் என் முகத்தைப் பார்க்கவில்லை. செங்கேணிதான் கேட்டார்: "அப்ப எனுக்கு அந்த ஊசியே தேவ இல்லியா?"

இல்லை என்றேன்.

நவம்பர் 3, திங்கள்

கன்னியப்பன், நிலத்துக்காரர். வரப்பில் கடி. இவருக்கும் எந்த அறிகுறியும் இல்லை. மகன் வினோத்குமார் மேஜையை அறைந்தார்: "ஊசிய போடும்மா! கடிகாரத்த பாத்துக்கினு நிக்கிற? எங்கப்பா சாவணுமா?"

குழாயில் ரத்தம் எடுத்து வைத்தாகிவிட்டது; இன்னும் பதினொரு நிமிடம் பாக்கி. போட்டுத் தொலைத்துவிடலாமா? ஒருவேளை இந்தத் தடவை — காத்திருந்தது தப்பாகிவிட்டால்?

அவரைத் தூக்கி வந்த கூலியாட்களில் செங்கேணியும் இருந்தார். குழாயருகே வந்து குனிந்து பார்த்தார்.

"இது கய்வாததுதான?"

"புதுசு." அன்று காலை பிரித்த பெட்டியைக் காட்டினேன்.

கடிகாரத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டார். "கொஞ்சம் இரு நைனா. அந்த ஊசி சும்மா இல்ல. நான் பட்டவ."

வினோத்குமார் மேஜையிலிருந்து கையை எடுத்தார். இருபது நிமிடம் ஆனது.

சாய்த்தேன். ரத்தம் அசையவில்லை.

நவம்பர் 4

விடியும்வரை திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் உறைந்தது. கன்னியப்பன் நாஷ்டா கேட்கிறார்.