கயிற்றைக் கண்டால் போகும் கை

பக்கத்து வளவில் பிள்ளை பெற்று வந்திருக்கிறார்கள். இன்று காலை குளிப்பாட்டிப் பவுடர் போட்டார்கள் போலும். அந்த மணம் வேலிக்கு மேலால் வந்து என் குசினிக்குள் நின்றது. மற்றப் பெண்களுக்கு அது குழந்தையின் மணம். எனக்கு, தம்பி, அது உன்னுடைய மணம். பிள்ளையே இல்லாத இந்த வீட்டைப் பவுடரால் நிறைத்தவன் நீ. உன் பட்டங்களின் வயிற்றுக்குள் இருந்த ரப்பர்ப் பைகளை என் சாப்பாட்டு மேசையில் நீளமாகக் கிடத்தி, ஓட்டை பார்த்து ஒட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கப் பவுடரைத் தூவித் தடவுவாய். மேசை விரிப்பை மடித்து வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஒரு நாளும் நீ மடித்ததில்லை.

யுத்தம் முடிந்து, வீதியில் சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்ற காலத்தில் வந்தாய். வளைகுடாவில் ஒரு ஹோட்டல் கடற்கரையில் வேலை செய்தவன், அங்கே வெள்ளைக்காரருக்குக் காற்றுப் பட்டம் பிடித்துக் கொடுத்துப் பழகி, பிறகு நீயே கற்பிக்கும் அளவுக்கு வந்துவிட்டதாகச் சொன்னாய். பட்டம் என்றால் பிள்ளைகள் விடும் பட்டம் அல்ல. ஓர் அறையின் அகலம். அதன் கயிறுகளை இடுப்புப் பட்டியில் கொளுவிக்கொண்டு, காலில் ஒரு பலகையை மாட்டி, காற்று இழுக்க இழுக்கத் தண்ணீரில் ஓடுவது. இதை நம் ஊர்க் கரையில் கற்பித்துப் பிழைக்கப் போகிறேன் என்றாய்.

மறுக்க எனக்குத் தெம்பு இல்லை. சுனாமியில் கடல் எடுத்த வீட்டில் தளமும் கிணறும் மட்டும் மிஞ்ச, நாங்கள் பெரிய வீதிக்கு மேற்கே வந்து குடியிருந்தோம். அங்கேயே என் கணவர், உன் மச்சான், மௌத்தாகி, விதவை வீட்டோடு இருக்கும் இத்தாக் காலமும் முடிந்து, நான் தனியே இருந்தேன். உன் மனைவியைக் கடல் கொண்டுபோனபோது நீ வளைகுடாவில் இருந்தாய். வந்து, பத்து நாள் மட்டும் நின்று, யாரிடமும் எதுவும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டாய். மறுபடி வந்தவன் இந்த முறை நிற்பானா என்பதுதான் எனக்குக் கவலை. பட்டமோ வேறென்னமோ, உன்னை இந்த ஊரில் நிறுத்தி வைக்கும் ஒன்று எனக்குத் தேவைப்பட்டது.

கரைவலைக்காரர்களின் தலைவர் இஸ்மாயில் காக்கா அனுமதி தந்தார். வலை இழுத்து முடிந்த பின்னேரங்களில், தோணிகளுக்குத் தெற்கே உள்ள வெறும் கரை உனக்கு. ஆனால் ஒரு சொல்லும் சொன்னார்.

"ஒரு ஆளுக்குக் காயம் வந்தா, அண்டைக்கே மூட்டையக் கட்டணும். கட்டுவயா?"

"ஓம் காக்கா. கட்டுவன்."

அந்தச் சொல்லோடு வீட்டுக்கு வந்து, ஓர் ஆங்கிலத் தாளை மேசையில் வைத்தாய். பழகுபவர்கள் வாசிக்கக் கரையில் ஒரு பலகை நட வேண்டும், விதிகளை நல்ல தமிழில் எழுதித் தர வேண்டும் என்றாய்.

"விளங்காம எழுதேலாது," என்றேன். "முதல்ல விளக்கு."

கன்னியர் மடத்தில் எங்களுக்குப் படிப்பித்த சிஸ்டர், தனக்கே விளங்காததைப் பிறருக்கு எழுதுவது பொய் சொல்வதற்குச் சமம் என்பார். அந்தக் காலத்தில் மடத்தில் படித்த முஸ்லிம் பெண்பிள்ளைகள் குறைவு. நான் அதை யாரையும் மறக்கவிட்டதில்லை என்று நீ கேலி செய்வாய். அன்றும் செய்தாய். பிறகு மேசைக்கருகில் என்னை நிறுத்தி, முதுகுப் பக்கம் மின்விசிறியைத் திருப்பிவைத்தாய்.

"காத்து முதுகுல படுதா? இப்ப ரெண்டு கையையும் விரிங்க ராத்தா. இடக்கைப் பக்கம் ஓரம், வலக்கைப் பக்கம் ஓரம். அங்க நிண்டா பட்டம் சும்மா நிக்கும். நேரே முன்னுக்கு வந்திச்செண்டா வண்டில் மாடு மாதிரி இழுக்கும்."

"தலைக்கு மேல?"

"தலைக்கு மேல நிண்டா ஒண்டும் செய்யாத மாதிரித்தான் இரிக்கும். ஒரு வீச்சுக் காத்து வந்தா ஆளத் தூக்கித் தென்னைல வைக்கும். கரையில நிக்கக்குள்ள அங்க வச்சிரிக்கவே படா."

அந்த நேரம் பார்த்து வாசல் கடப்படியால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு உம்மா, கைகளை விரித்துக்கொண்டு நின்ற என்னைக் கண்டு, "என்ன கா, பறக்கப் போறீங்களா?" என்று கேட்டது இன்றும் எனக்குக் கூச்சம். நீ சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாய். இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன் கேட்டு எத்தனையோ காலம்.

எழுதினேன். 'ஆபத்து, கவனம்' என்று நீ சொன்னதை எல்லாம் அடித்து நீக்கினேன். கவனம் என்று எழுதினால் யாரும் கவனிப்பதில்லை. எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்றே எழுத வேண்டும். கச்சான் வீசும் நாளில் இறங்காதே, அது தரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று, உன்னையும் கொண்டுபோகும். நிலத்தில் வைக்கும் பட்டம் முன்விளிம்பு காற்றைப் பார்க்கக் குப்புறக் கிடக்கட்டும், மேலே ஈர மணலை அள்ளிப் போடு. கயிறுகளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார், பின்னியிருந்தால் ஏற்றாதே. பட்டத்தை இடுப்பில் கொளுவுவதற்கு முன், அதன் பலத்தை அறுக்கும் சிவப்புப் பிடியை ஒரு தரம் தள்ளிக் கழற்றிப் பழகு. ஏற்றுபவரும் பிடித்துக் கொடுப்பவரும் பெருவிரல் காட்டிய பிறகுதான் பட்டத்தை விட வேண்டும், அதுவும் கடல் பக்கத்து ஓரத்தில். கயிற்றைக் கையில் சுற்றாதே. தடுமாறினால், கயிறுகள் பூட்டிய பிடிதடியை உன் பக்கம் இழுக்காதே, விட்டுவிடு. அதுவும் போதாவிட்டால் சிவப்புப் பிடியைத் தள்ளு.

நீ வாசித்துப் பார்த்து, "இங்கிலீச விட இது விளங்குது," என்றாய். எனக்கு அது போதுமாக இருந்தது.

உன் முதல் மாணவர் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்திருந்த பல் டொக்டர், திருகோணமலைக்காரர். நல்ல உடம்பு, நல்ல பணிவு. பல நாள் மணலில் சின்னப் பட்டத்தோடு பழக்கிய பிறகுதான் பெரியதை அவர் கையில் கொடுத்தாய். விதிப் பலகை எப்படி நிற்கிறதென்று பார்க்க நானும் அன்று வந்திருந்தேன், குடையோடு. என் எழுத்தைச் சாயம் பூசுபவர் எப்படிக் கெடுத்திருக்கிறார் என்று பார்ப்பதற்காகவும்தான்.

எல்லாம் விதிப்படியே நடந்தது. பட்டம் கடல் ஓரத்தில் அமைதியாக ஏறியது. பிறகு ஒரு வீச்சு வந்தது. டொக்டர் தடுமாறி, பயந்த மனிதன் செய்வதையே செய்தார். பிடிதடியை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார். பட்டம் நடுவுக்குப் பாய்ந்து, அவரைக் குப்புற விழுத்தி, மணலில் இழுத்துக்கொண்டு போனது, தோணிகளின் பக்கம்.

நீ அவர் பின்னால் ஓடிக்கொண்டே, "விடுங்க டொக்டர், தடிய விடுங்க," என்று கத்தினாய். அவர் விட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்குள் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கண்டுவிட்டார்கள். கயிறு ஓடுகிறது, ஓர் ஆள் இழுபடுகிறான். நம் கரையில் அதற்குமேல் யாருக்கு என்ன சொல்ல வேண்டும்? கரைவலை இழுக்கும்போது வழியால் போகிறவன்கூடச் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கயிற்றில் கை வைப்பான். கை வைத்தவனுக்கு ஒரு பிடி மீன். அப்படியே ஓடிவந்து, ஏழெட்டுப் பேர், இஸ்மாயில் காக்கா முன்னால், பட்டத்தின் கயிறுகளைப் பிடித்துக் காலை ஊன்றி, "ஏலோ" என்று ஒன்றாக இழுத்தார்கள்.

அவர்கள் இழுக்க இழுக்கப் பட்டம் பலம் கூடி இழுத்தது. வலைக்கயிறு கை நிறைய இருக்கும். இது நூல். நீ கயிற்றை விடச் சொல்லி அலறினாய். நானும் குடையைப் போட்டுவிட்டு, மடத்தில் கற்ற குரல் முழுவதையும் எடுத்துக் கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் டொக்டர்தான் மணலில் கிடந்தபடியே சிவப்புப் பிடியைத் தேடித் தள்ளினார். பட்டம் துணியாகிக் கீழே விழுந்தது. டொக்டருக்கு முழங்கையில் சிராய்ப்பு. இஸ்மாயில் காக்காவின் வலது உள்ளங்கை மட்டும் குறுக்கே பிளந்திருந்தது. அவர் அதைப் பார்த்து, சாரத்தின் நுனியால் பொத்திக்கொண்டு போனார்.

நீ வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, மஹ்ரிப் தொழுதுவிட்டு, அறைக்குள் போய்ப் பெட்டியை எடுத்தாய். உடுப்பு மடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. சொல் கொடுத்தவனைச் சொல்லை முறிக்கச் சொல்லும் குடும்பத்தில் நாம் பிறக்கவில்லை. பிளேன்ரீ ஊற்றி வைத்தேன். அது ஆறியது.

அப்போதுதான் இஸ்மாயில் காக்கா வந்தார், உள்ளங்கையில் பெரிய கட்டோடு.

"எங்க அவன்? மூட்டை கட்டுறானா?"

நீ அறை வாசலில் நின்று, "சொன்ன சொல்லுத்தானே காக்கா," என்றாய்.

"நான் என்ன சொன்னன்? நீ ஆருக்கும் காயம் வச்சா எண்டு சொன்னன். இது நானாப் போய் வாங்கினது." கதிரையில் இருந்தார். "ராத்தா, உங்கட பலகையப் படிச்சன். நல்லாத்தான் எழுதியிரிக்கீங்க. பழகுறவனுக்கு எல்லாம் இரிக்கி. கரையில நிக்கிற எங்களுக்கு ஒண்டுமில்லயே."

அந்த ஆங்கிலத் தாளிலும் இருக்கவில்லை. அதை எழுதிய நாட்டில், கரையில் நிற்பவன் பிறர் கயிற்றைப் பிடிக்க ஓடிவர மாட்டான் போலும்.

"எங்களுக்குக் கயித்தக் கண்டா கை போகும்," என்றார். "கடலடிச்ச அண்டைக்கு, பள்ளிவாசல் சுவருல நிண்டு வலைக்கயிறத்தான் எறிஞ்சு எறிஞ்சு இழுத்தம். அப்பிடிப் பொழச்சாக்கள் இந்த ஊருல இண்டைக்கும் நடந்து திரியிறாங்க. மறுகா எங்கட கைய ஆரு நிப்பாட்டுற?"

கட்டை ஒரு தரம் இறுக்கிக்கொண்டார். பிறகு உன்னைப் பாராமலே சொன்னார்.

"உன்ட பொஞ்சாதிக்கும் எறிஞ்சன். எட்டல்ல. உன்னக் கண்டா விலகிப் போறது அதுக்குத்தான்."

நீ வந்து அவர் முன்னால் நிலத்தில் இருந்தாய். அத்தனை வருடம் யாரிடமும் கேட்காததை அப்போது கேட்டாய்.

"அவளக் கண்டீங்களா?"

"கண்டன்."

"என்ன செஞ்சா?"

"கயித்தத்தான் பாத்தா. கைய நீட்டினா. பயந்த மாதிரித் தெரியல்ல எனக்கு."

அவ்வளவுதான். நீ தலையைக் குனிந்துகொண்டு ஓம், ஓம் என்றாய், யாரோ கணக்குச் சொல்லிக் கொடுப்பதைப் போல. நான் குசினிக்குள் போய், புதிதாகத் தேநீர் வைத்தேன். வெளியே வந்தபோது, பலகையில் இன்னொரு வரி எழுதினால் எங்கள் ஆட்கள் வாசிப்பார்களா என்று நீ கேட்க, "ஓடுற நேரம் ஆருடா படிக்கிற," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேறொரு வழியை அவர்தான் கண்டார். மறுவாரம் டொக்டர் திரும்பவும் பட்டத்தை ஏற்றியபோது, வலைக்காரர் அத்தனை பேரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள், மடத்துக் காலைக் கூட்டத்தில் நாங்கள் நின்றதைப் போல. இஸ்மாயில் காக்கா வரிசைக்கு முன்னால் நடந்தார்.

"கையக் கட்டுங்கடா. அவிழ்த்தவனுக்கு நாளைக்கு மீன் இல்ல. உதவி செய்யிறெண்டா பட்டத்தின்ட முன்விளிம்பப் புடி. கயித்தப் புடிச்சா என்ட கையப் பாரு."

பெட்டி திரும்பவும் கட்டிலுக்குக் கீழே போயிற்று. நீ நின்றாய். பெரிய பிழைப்பொன்றும் அமையவில்லை. சில டொக்டர்மார், சில வங்கிக்காரர், பொத்துவில் பக்கம் வந்து வழிமாறிய வெள்ளைக்காரர் இரண்டொருவர். போதும் என்றாய். நான் நச்சரிக்கவில்லை. வயதான இரண்டு பேருக்கு எவ்வளவு வேண்டும்.

நீ போனது கடலாலும் அல்ல, காற்றாலும் அல்ல. நெஞ்சு. கல்முனை ஆஸ்பத்திரியில் ஒரு விடியற்காலை. வளைகுடாவில் எங்கோ பேர் தெரியாதவர்கள் நடுவில் அடக்கப்பட்டிருக்க வேண்டியவன், நம் பள்ளிவாசல் மையவாடியில், நம் மணலில் கிடக்கிறாய். பெண்கள் அங்கே போவதில்லை. இஸ்மாயில் காக்கா போய் வந்து சொன்னார், கபுறு நல்ல இடத்தில் அமைந்தது, வேப்ப மர நிழல் என்று. அவருடைய சொல்லை நான் நம்புகிறேன்.

இப்போது அந்தக் கரையைக் கடல் அரித்துவிட்டது. பலகை எப்போதோ விழுந்தது. பட்டம் விடுபவர் யாரும் இல்லை. எனக்கும் எதற்கும் அலுப்பாக இருக்கிறது. வயது மட்டும் அல்ல, ஊரே களைத்துப் போயிருக்கிறது.

ஆனால் பகல் சாப்பாட்டுக்கு நீ வரும் நேரம் ஒன்றிருந்ததே. செருப்பைக் கழற்றும்போதே, "ராத்தா, காத்து எங்கால?" என்பாய். கரையில் நின்று வந்தவனுக்குத் தெரியாததா? என்னைக் கதைக்க வைக்கக் கேட்டாய் என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும், பிழையாகச் சொல்லக் கூடாதென்று, சோற்றை இறக்கிவிட்டுக் கடப்படிக்குப் போவேன். முக்காட்டைக் காதுகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, இரண்டு காதிலும் காற்று ஒரே அளவாகக் கேட்கும்வரை முகத்தைத் திருப்புவேன். நீ காட்டித் தந்தபடி, அப்போது முகம் பார்க்கும் திசைதான் காற்று வரும் திசை.

இன்றும் போனேன். கச்சான். தரையிலிருந்து கடலுக்குப் போகிறது. யாரையும் இறக்காதே.