தொப்பிக்கு அளவு

சில்க்போர்க்,
மாசி 1988

என் வீட்டு அரசிக்கு,

உங்கள் இருவரையும் இங்கே அழைக்க நான் போட்ட விண்ணப்பம் அமைச்சில் இன்னும் குறட்டை விடுகிறது. நானும் கூடவே விடுகிறேன்.

பக்கத்து வீட்டு டெனிஷ்காரி இங்கர் நேற்றுக் கோப்பி தந்தார். "ஆயிரக்கணக்கிலை தமிழர் வருகினமாம், பேப்பரிலை போட்டிருக்கு. விடக்கூடாது. எங்களிட்டை நிறவெறி இல்லை, பயம்தான்."

"நானும் தமிழன்தானே?"

"நீர் நல்லவர். மற்றவையைத்தான் சொல்லுறன்."

அந்த மற்றவர்களைத் தெருவெல்லாம் தேடினேன். குளியலறைக் கண்ணாடியில் மட்டும் ஒரு தமிழ் முகம் அகப்பட்டது. எனக்குத் தெரிந்து வரக் காத்திருப்பது நீரும் மகளும்தான்.

அதையும் இங்கரிடம் சொன்னேன். உடனே கம்பளி நூலை எடுத்து, மகளுக்குத் தொப்பி பின்னத் தொடங்கிவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லையப்பா.

மகளின் தலை அளவு வேண்டுமாம். அமைச்சு கண் விழிக்கும்வரை பிள்ளை வளருமே. கொஞ்சம் கூட்டியே எழுதும்.

இப்படிக்கு,
உம்முடைய நல்லவர்