சும்மா இருந்த நேரம்

ஜனவரி 11

அடி சுருட்டை,

நலம்தானே? எனக்குத் தூக்கம் ஒன்றுதான் இல்லை. காலையில் இன்ஜினியரிங், மதியத்துக்கு மேல் நிர்வாகம், வாரத்தில் இரண்டு நாள் டாக்டர்களோடு வார்டு. ஒரே முதுகலைப் பட்டத்துக்குள் மூன்றையும் திணித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்காரும் டாக்டருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியவில்லை. எனக்குச் சந்தை, முதலீடு என்றாலே தலை கால் புரிவதில்லை.

ஒரு உதவி வேண்டும். இறுதி ஆய்வுக்கு நம் ஆஸ்பத்திரியின் உபகரணப் பிரிவையே எடுத்திருக்கிறேன். ஏழு வருடம் உன் பக்கத்து மேசையில் மானிட்டரும் பம்பும் பழுது பார்த்தவள், வேறு எங்கே போவேன்? நீயும் நம் ஹெட் பெரியவரும் ஒரு மாதம் என்னென்ன செய்கிறீர்கள் என்று நிமிடக் கணக்கில் எழுதி அனுப்பு. பூசி மெழுகாதே. உள்ளதை உள்ளபடி எழுதினால்தான் இன்னும் இரண்டு ஆள் வேண்டும் என்று உங்களுக்காக வாதாட முடியும்.

உன் நெட்டை

மார்ச் 2

அடி நெட்டை,

நோட்டை அனுப்பியிருக்கிறேன். பெரியவர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "எழுத்துல மாட்டிக்கிட்டா அப்புறம் யாரும்மா பதில் சொல்றது?" என்றார். "நம்ம நெட்டைதானே கேக்குறா, தாராளமா எழுதுங்க" என்று நான்தான் உட்கார வைத்து எழுத வைத்தேன். அவர் முட்டிவலிக்குத் தைலம் தேய்த்தது வரை அதில் இருக்கிறது. மூச்சுக் கருவி ஒன்று, ஆளுக்கு மாட்டினால் மட்டும் மக்கர் செய்தது. நாற்பது நிமிடம் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுத்தான் கோளாறைப் பிடித்தேன். அதையும் எழுதியிருக்கிறேன்.

ஒழுங்காகச் சாப்பிடு. ஏற்கெனவே நீ கொடிக்கம்பம்.

சுருட்டை

ஜூன் 8

அன்புள்ள சுருட்டை,

என் ஆய்வுக்கு முதலிடம்! எல்லாம் உன் நோட்டு செய்த புண்ணியம். நம் ஆஸ்பத்திரி நிர்வாகமே அதைப் படித்துவிட்டு என்னை மேலாளராக அழைத்திருக்கிறது. அடுத்த மாதம் முதல் தேதி சேர்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாதே. பழுது வேலையை வெளிக் கம்பெனியிடம் கொடுக்கப் போகிறார்கள். என் பரிந்துரைதான். எண்கள் அப்படித்தான் வந்தன, நான் என்ன செய்ய? உங்கள் இருவருக்கும் இந்த மாதக் கடைசிவரை வேலை இருக்கும். கம்பெனி ஆட்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடு. உனக்கு நல்ல சான்றிதழ் எழுதித் தருகிறேன்.

என்றும் உன் நெட்டை

ஜூன் 19

நெட்டைக்கு,

உன் அறிக்கையை எங்களுக்கும் கொடுத்தார்கள். பெரியவரின் முட்டிவலி 'சும்மா இருந்த நேரம்' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. மூச்சுக் கருவி பக்கத்தில் நான் உட்கார்ந்த நாற்பது நிமிடமும் அங்கேதான். அடிப் பாவி, நீயே அப்படி எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறாய்! அது வேலையா இல்லையா என்று உனக்குத் தெரியாதா? உன் வகுப்பில் ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத அந்த டாக்டர் எழுதியிருந்தால் விவரம் தெரியாதவன் என்று விட்டிருப்பேன்.

பெரியவருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. படித்து முடித்துவிட்டு என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீ என்னம்மா பண்ணுவ" என்றார். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கம்பெனி ஆட்களுக்கு ஒன்று விடாமல் சொல்லிக்கொடுத்துவிட்டேன். உனக்காக இல்லை, கட்டிலில் கிடப்பவர்களுக்காக. சான்றிதழை நீயே வைத்துக்கொள்.

நீ சேரும் நாளில் அறைச் சாவியை உன்னிடம் நான் ஒப்படைக்க வேண்டுமாம். வருவேன். ஓடி வந்து கட்டிப்பிடிக்காதே. எல்லார் முன்னாலும் 'மேடம்' என்று கூப்பிட்டு, சாவியைக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவேன்.

இப்படிக்கு,
டெக்னீஷியன், உபகரணப் பிரிவு